அனவரதத்தின் இலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு குடும்பமும் ஆனந்தவல்லி மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்ட செய்தியோடு அப்பா போனை வைத்தபோது, அம்மா தோசையைத் திருப்ப மறந்தாள், அக்கா பிய்த்த துண்டு சட்னிக்குள்ளேயே நின்றது, தோசை கருகிப் புகைந்தது, அதையும் அப்படியே தட்டில் வாங்கிக்கொண்டோம்.

“வேற எடம் சொல்லிப் பாத்தியளா?” என்றாள் அம்மா.

“சொல்லாம இருப்பனா? தென்காசி ரோட்டுல புதுசா ஏசி ஓட்டல் தொறந்திருக்கான், அங்க போவமேன்னேன். மாப்பிள்ளையோட அம்மா சிரிக்கா. ‘அங்க தட்டுல்லா வைப்பான் அண்ணாச்சி, எல போட மாட்டானே’ங்கா.”

“எல பாக்காம இப்ப எவன் பொண்ணு எடுக்கான்?” என்றேன் நான்.

“நீ வாயை மூடுதியாடே? பதினொண்ணாங் கிளாஸோட படிப்பை விட்டுட்டு வந்து நிக்க. வாயை மூடுதது ஒண்ணாவது படி.” பிறகு அப்பா குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பிள்ளையள்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்.”

“மூணு பெத்தேன்,” என்று அம்மா தோசைக்கல்லைப் பார்த்துச் சொன்னாள். கல்லில் தண்ணீர் தெளித்தாள், அது சீறியது.

ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு இத்தனை பயப்பட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும், அதனால் சொல்லிவிடுகிறேன். போன பங்குனியில் ஒரு புதன்கிழமை, விவசாய ஆபீஸ் கிளார்க் ஒருவர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆனந்தவல்லி மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தார், பரிமாறுகிற பேச்சிமுத்து அண்ணாச்சி மூன்று இலை போட்டார், தண்ணீர் எடுத்துவரப் போனார், வந்து பார்த்தால் நான்கு இலை கிடந்தன. இரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று ஒன்றை எடுத்தார். எடுத்த இடத்தில் இன்னொன்று கிடந்தது. அதையும் எடுத்தார்; அதே இடத்தில், அதே ஈரத்தோடு, நுனி இடது பக்கம் பார்க்க, இன்னொன்று. ஏழு இலை எடுத்த பிறகு அவருக்கு இடுப்பு வலித்தது, மற்ற மேசைக்காரர்கள் ரசம் ரசம் என்று கத்தினார்கள், போய்த் தொலையட்டும் என்று அந்த நாலாவது இலைக்கும் உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டுப் போய்விட்டார். கிளார்க் அந்த இலையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, “எங்க அப்பா,” என்றார். அவருடைய அப்பா தூத்துக்குடியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அன்று சாயங்காலமே பஸ் ஏறிப்போய் அவரைக் கூட்டிவந்தார், அடுத்த புதன்கிழமை நாலு பேராக வந்து உட்கார்ந்தார்கள், நாலு இலைதான் கிடந்தது.

ஊர் இதற்கு முழுசாக ஒரு வாரம்கூட ஆச்சரியப்படவில்லை. ஏன் நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு, எப்படி நடக்கிறது என்று கவனித்தவர்கள்தான் அதிகம். செத்தவர்களுக்கு இலை விழாது, உயிரோடு எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் விழும். தனி ஆளாகப் போனால் விழாது, குடும்பமாக உட்கார்ந்தால்தான் விழும். தட்டில் சாப்பிட்டால் இல்லை, பார்சலுக்கு இல்லை, வீட்டில் வாழை இலை போட்டாலும் இல்லை, அந்த மெஸ்ஸில் மட்டும்தான். பெரியவர்களுக்குப் பெரிய இலை, பிள்ளைகளுக்குக் கையகல இலை. அந்த இலையில் பரிமாறினால், யாருக்கு விழுந்ததோ அவர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ருசி அவர் நாக்குக்குப் போய்விடும். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பையன் வேலை நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, “எம்மா, சொதியில இஞ்சி கூடிப்போச்சு,” என்று சொன்னானாம். மெஸ் முதலாளி ஒரு போர்டு எழுதி மாட்டினார்: ‘இலை எண்ணிக்கைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’

ஊரில் பாதி ஆம்பிளைகள் குடும்பத்தோடு மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பார்சல் வாங்கிவர ஆரம்பித்தார்கள், பெண்டாட்டிமார் பார்சலைப் பிரிக்காமலே ‘நாளைக்கு மெஸ்ஸுக்குப் போவோம்’ என்றார்கள். சைக்கிள் கடை ஐயம்பெருமாளுக்கு அப்படிப் போய்த்தான் இரண்டு இலை கூட விழுந்தது, ஒன்று பெரியது, ஒன்று கையகலம். அவர் மனைவி கையகல இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அந்தச் சின்ன எலைக்கு மொதல்ல பருப்பும் நெய்யும் போடுங்க, பிள்ள பசி தாங்காது,” என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, “உமக்கு வீட்டுல இருக்கு,” என்றாள். நான் அப்போது பக்கத்து மேசைக்காரர்களுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

அப்புறம் கல்யாணத் தரகர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, அதற்குப் பிறகு இலை பார்ப்பது என்று ஒன்று வந்தது. ஆனியில் ஆரம்பித்தது, ஆவணிக்குள் அது என்னவோ காலங்காலமாக இருக்கிற சடங்கு மாதிரி எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அந்த மூணாவது ஆள் என் அண்ணன், அனவரதம். நாங்கள் சைவம்; முட்டை போட்ட கேக்கை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அப்பா அதைக் கையால் வாங்காமல் முறத்தில் வாங்குவார். அண்ணன் சீசன் வேலைக்கென்று குற்றாலத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனான், அங்கே கடையநல்லூர் பாய் ஒருவரிடம் தொழில் பழகினான், திரும்பி வந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் சிக்கன் பக்கோடாவும் கொத்து பரோட்டாவும் போட ஆரம்பித்தான். அப்பா பத்திரம் எழுதுகிறவர், ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் அவருக்கு மேசை. ஒருநாள் அண்ணன் சந்தையில் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார், வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றினார், மறுநாள் போய் ரேஷன் கார்டிலிருந்து அண்ணன் பெயரை நீக்கினார். கோழியை வெட்டினான் என்பதற்காக. ஆளை வெட்டினவனுக்கு இதே அப்பா ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருஷம் ஆகிறது. வண்டி நிற்கிற இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். அம்மா இன்னும் ஐந்து பேருக்குத்தான் அரிசி போடுகிறாள். நான் வாரத்துக்கு இரண்டு தடவை அண்ணனிடம் போய்ப் பக்கோடா தின்றுவிட்டு, கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வருவேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வியாழக்கிழமை அப்பா எங்களை மெஸ்ஸுக்கு ஒத்திகைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. “எல குடும்பத்தை எண்ணுது, சரி. குடும்பம்னா என்ன? கார்டு. கார்டுல எத்தன பேரு? நாலு. பெறவு என்னத்துக்குப் பயப்படணும்?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சட்டைப் பையில் ரேஷன் கார்டு, அதோடு இ-சேவை மையத்தில் அச்செடுத்த உறுப்பினர் பட்டியல். நாங்கள் உட்கார்ந்தோம், பேச்சிமுத்து அண்ணாச்சி நான்கு இலை போட்டார், தண்ணீருக்குத் திரும்பினார், எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில் ஐந்தாவது இலை கிடந்தது. நல்ல பெரிய இலை. அண்ணன் நன்றாகச் சாப்பிடுவான்.

அப்பா தாளை விரித்து அந்த இலைக்கு எதிரே வைத்தார், ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டுகிற அதே குரலில் படித்தார். “இந்தா பாரு. சங்கரலிங்கம். உலகம்மாள். வடிவு. குற்றாலிங்கம். மொத்தம் நாலு. ஆன்லைன்ல ஏத்தியாச்சு.”

இலை கிடந்தது.

“கொஞ்சம் சத்தமா வாசியும் அண்ணாச்சி, எலைக்குக் காது மந்தமா இருக்கும்,” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இலையைப் பிடித்து வெளிப்பக்கமாக, சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி, அழுத்தி மடித்தார். கையை எடுத்ததும் அது மெதுவாகத் திறந்து பழையபடி படுத்துக்கொண்டது. மறுபடி மடித்து மேலே தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வைத்தார். செம்பு சாய்ந்து அவர் வேட்டியெல்லாம் நனைந்தது, இலை திறந்துகொண்டது.

பேச்சிமுத்து அண்ணாச்சி துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். “பெத்தவங்க மடிச்சா நிக்காது அண்ணாச்சி. கூடப் பெறந்தது மடிக்கணும். அதுவும் சோறு வைக்கிறதுக்கு முன்னால. பால் சொசைட்டிக்காரரு அவுக அண்ணன் எலையை அப்படித்தான் மடிச்சாரு. அதுக்குப் பொறவு அந்த வீட்டுக்குக் கூடுதல் எல விழல.”

இது ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். சித்திரையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாலைந்து வீட்டில் மடித்தும் விட்டார்கள். அப்பாவுக்குத்தான், தாளில் இல்லாத எதுவும் காதில் ஏறாது.

அப்பா அக்காவைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பினார். “வடிவு கல்யாணத்துக்கு நிக்கித பொண்ணு. அவ கையால இதச் செய்யக்கூடாது.” பிறகு என்னைப் பார்த்தார். “குத்தாலம். நீ மடி.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தன் இலையில் அப்போதுதான் விழுந்த சோற்றை, குழம்புகூட ஊற்றாத சோற்றை, இரண்டு கையாலும் அள்ளி அந்த ஐந்தாவது இலையில் வைத்துவிட்டாள். வைத்துவிட்டு யாரையும் பார்க்கவில்லை. சோறு வைத்த இலையை மடிக்க முடியாது. அன்றைக்கு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள், வெள்ளியும் சனியும் மெஸ் முழுக்க ஒரு கல்யாண வீட்டுக்கு ஆர்டர் எடுத்திருந்தது, எங்களுக்கு இடமில்லை. ஆக, மடிப்பதானால் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைதான் மடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அக்கா புழக்கடையில் என் சட்டையைத் துவைத்துக்கொண்டே பேசினாள். அவள் இருபத்தேழு வயசுக்காரி, நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், எனக்கு அவள் சட்டை துவைப்பது இதுதான் முதல் தடவை.

“ரெண்டு வருஷமா வாரவன் போறவனுக்கெல்லாம் கேசரி கிண்டிட்டேன்டே. திங்கான், கைய கழுவுதான், போய்ச் சொல்லி அனுப்புதோம்ங்கான். இந்த ஆவுடையப்பன் ஒருத்தருதான், இதுல அன்னாசிப்பழம் போட்டிருக்கியளா, எப்படிச் செஞ்சியன்னு கேட்டாரு. எனக்கு அவரு வேணும்.”

“அண்ணன்?”

“அண்ணன் எங்க போயிரப்போறான்? கேட்டுக்கு அந்தப் பக்கம்தான நிக்கான். எல இல்லன்னா அவன் இல்லன்னு ஆயிருமா?” அவள் சட்டையை ஓங்கிக் கல்லில் அடித்தாள். “மடிச்சிரு, குத்தாலம். எனக்காக.”

நான் அவள் வாளிக்கு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

சாயங்காலம் அம்மா தாம்பூலத் தட்டுக்குச் சாமான் வாங்கிவர அனுப்பினாள்: ஆப்பிள், ரஸ்தாளி ஒரு சீப்பு, கொழுந்து வெற்றிலை, கல்கண்டு, நாலு முழம் பிச்சிப்பூ. எல்லாவற்றையும் வாங்கி, பூ நசுங்காமல் மேலே வைத்து, பையைத் தூக்கிக்கொண்டு நேராக ரயில்வே கேட்டுக்குப் போனேன். கேட் சாத்தியிருந்தது, சரக்கு வண்டி ஒன்று ஊரையே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது, அது போய் முடிந்ததும் அந்தப் பக்கத்தில் அண்ணன் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டது.

வண்டியோரம் ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். வயசு ஐம்பது இருக்கும், மரத்தூள் ஒட்டிய சட்டை, வயிறு புடைத்து நின்றது, கண் மட்டும் குழி விழுந்திருந்தது. எட்டாவது பரோட்டா என்று அண்ணனே சொன்னான். அவர் அதையும் முடித்துவிட்டுத் தட்டை நீட்டினார், அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஒன்பதாவதைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினான்.

“யாருண்ணே?”

“பால் சொசைட்டிக்காரரோட அண்ணன். மடிச்சிட்டானுவல்லா, இவரத்தான். மரமில்லுல வேல. இங்க தின்னுட்டு, வீட்டுல போயும் திம்பாரு.”

அந்த ஆளுக்குக் கேட்டது. கோபப்படவில்லை. “தம்பி, வயிறு நெறைஞ்சுதான் இருக்கு,” என்றார், வாயில் சோறு கேட்கிற பிள்ளை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு. “சாப்பிட்டேங்குதது மட்டும் வரமாட்டேங்குது. சித்திரையிலருந்து வரல.”

எனக்குக் கையிலிருந்த பை கனத்தது. அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், மெஸ், அப்பாவின் தாள், செம்பு சாய்ந்தது, நாளை மத்தியானம், எல்லாம். அவன் கொத்துவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா அள்ளி வைத்ததைச் சொன்னபோது மட்டும் நிறுத்தினான்.

“வியாழக்கிழமை ஒரு ஒண்ணே கால் மணி இருக்குமா?”

“இருக்கும்.”

“கோழிக்கு மசாலா தடவிட்டு இருந்தேன். வாயில சோறு. வெறுஞ்சோறுடே, குழம்பு இல்ல, நெய் இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு யார் கைன்னு.” முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான், மறுபடி கொத்த ஆரம்பித்தான், இந்தத் தடவை வேகமாக. “மடிச்சிரு.”

“என்னண்ணே சொல்லுத?”

“வடிவு கல்யாணம் நடக்கட்டும். நான் கடைக்காரன்டே, எனக்கு எப்பவும் கையில சாப்பாடு இருக்கு. இல்லாதவன்தான் பயப்படணும்.”

“இந்தா இவருகிட்டயுந்தான் சாப்பாடு இருக்கு! ஒம்பது பரோட்டா இருக்கு! நீயும் இப்படி ஸ்டூல்ல உக்காந்து முழிக்கணுமா?”

“கத்தாத, வாடிக்கையாளு போயிருவான்.” அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “எனக்கு ஒரு தங்கச்சிதான இருக்கா. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத, பொறவு அதுக்கும் உக்காந்து அழுவா. பக்கோடா கட்டவா?”

வேண்டாம் என்றேன். வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஆள் பத்தாவது கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, தெருமுனை வரைக்கும் என் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தார். அப்படி அவர் நடந்து நான் பார்த்ததில்லை. “தம்பி, நீ ஒண்ணும் பேச வேண்டாம். எல விழுந்ததும் மடிச்சிரு. ஒனக்கு இதுக்கு மேல ஒரு வேலையும் சொல்ல மாட்டேன், படின்னு சொல்ல மாட்டேன், எங்கயும் போய் நில்லுன்னு சொல்ல மாட்டேன். இது ஒண்ணுதான்.” எனக்குப் பாவமாக இருந்தது. அது வேறு விஷயம்.

மெஸ்ஸில் எங்களுக்கு ஒரு நீள மேசை, அவர்களுக்கு எதிரே ஒன்று. மாப்பிள்ளையின் அப்பா பிரமநாயகம், அம்மா, தங்கச்சி, மாப்பிள்ளை ஆவுடையப்பன். அவர்களுக்கு நான்கு இலை போட்டார்கள், நான்குதான் கிடந்தது. சுற்றி இருந்த மேசைக்காரர்கள் எல்லாரும் சாப்பிடுகிற மாதிரி நடித்துக்கொண்டு எண்ணினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒருமுறை எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தாள், பரீட்சைத் தாளை முதலில் கொடுத்துவிட்டு வெளியே வருகிற பிள்ளை மாதிரி.

அப்புறம் எங்களுக்குப் போட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பேச்சிமுத்து அண்ணாச்சி திரும்பாமல் அப்படியே நின்றார், திரும்பினால்தான் விழும் என்றால் திரும்பவே வேண்டாம் என்று நினைத்திருப்பார் போல. ஆனால் சமையற்கட்டிலிருந்து யாரோ கூப்பிட, தலையை மட்டும் திருப்பினார், அது போதுமாக இருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், பச்சையாக, அகலமாக, ஒரு கிழிசல் இல்லாமல், அண்ணன் இலை.

எங்கேயோ அப்பளம் நொறுங்கியது.

“யாரு அண்ணாச்சி அது?” மாப்பிள்ளையின் அம்மா கேட்டது கோபமாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது.

அப்பா சட்டைப் பையைத் தொட்டார்.

“எங்க அண்ணன்,” என்றேன். “மூத்தவன். ரயில்வே கேட்ல கோழிக்கறிக் கடை போட்டிருக்கான்.”

அப்பா என் தொடையைப் பிடித்து அழுத்தினார். பிரமநாயகம் மீசையைத் தடவினார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா கையை அசைத்தாள். “இருக்கட்டும் அண்ணாச்சி, இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்த்து ஊத்துதிய? எந்த வீட்டுல இல்ல? எங்களுக்கும் ஒண்ணு விழுந்துச்சு. மூத்த பொண்ணு. அவ இஷ்டத்துக்கு ஒருத்தன் பின்னால போயிட்டா. இந்தா, இவன்தான் மடிச்சான்.” பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையைத் தோளில் தட்டினாள். “ஒரு நிமிஷ வேல. பொறவு எல்லாம் சுத்தமாயிரும். மடிச்சிரு தம்பி, சோறு ஆறுது.”

ஆவுடையப்பன் தலை நிமிரவில்லை. அவர் விரலால் தன் இலையின் நரம்பை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தடவிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன் முகம்தான். அக்கா என்னைப் பார்ப்பாள், கண்ணால் கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் எப்போது நிமிர்வார் என்று, நிமிர்ந்தால் ஒரு கேள்வி கேட்கலாம் என்று வைத்திருப்பவள் மாதிரி. அவர் நிமிரவே இல்லை.

இதற்குள் பேச்சிமுத்து அண்ணாச்சி சோற்று வாளியோடு வந்துவிட்டார். முதலில் அம்மாவிடம் வந்தார். அம்மா வலது கையை விரித்துத் தன் இலையை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை, மூடிய கையை எடுக்கவும் இல்லை. இன்றைக்கு அவளிடம் அள்ளி வைக்கச் சோறு இல்லை. அவளைத் தாண்டி அவர் என்னருகே நின்றார்.

“குத்தாலம்,” என்றார் அப்பா. “மடிடே.” பிறகு, யாரும் கேட்காத குரலில், “மடிச்சிருப்பா.”

நான் இரண்டு கையையும் இலையின் மேல் வைத்தேன். அது குளிர்ச்சியாக இருந்தது. மேசைகளில் எல்லாரும் மடிக்கப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள், எனக்கே அரை நிமிஷம் அப்படித்தான் இருந்தது. அக்கா துவைத்துக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தேன், காலர் இன்னும் கொஞ்சம் ஈரம்.

அப்பா சொன்னார், அக்கா சொன்னாள், மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிமிஷ வேலை என்றாள், ஊரே அதற்காகத்தான் கையில் எடுத்த உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தது. அண்ணனே சொன்னான். அவன் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவன் ஒருத்தன்தான் உண்மையாகவே அதைச் சொன்னான்.

தம்ளரைச் சாய்த்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், அந்த இலை முழுக்கத் தெளித்தேன், நுனியிலிருந்து அடி வரைக்கும் ஒரு தடவை துடைத்தேன், பேச்சிமுத்து அண்ணாச்சியிடம், “வைங்க அண்ணாச்சி, அவன் நெறையச் சாப்பிடுவான்,” என்றேன்.

மடிக்கவில்லை.